தறி நின்ற மதியம்

பிறந்து இரண்டு நாள்கூட ஆகாத முயல்குட்டியை உள்ளங்கையில் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் பிரமிளா. இன்னும் மயிர் முளைக்கவில்லை. ஆனாலும் எது கறுப்பு, எது வெள்ளை என்று தோலிலேயே தெரிந்தது. தோளைச் சுற்றி வெள்ளை, இடுப்புக்குப் பின்னால் கறுப்பு. இரண்டும் சேருமிடம் கோடு கிழித்ததுபோல் இருக்கவேண்டும்.

"பார்டர் நேரா வந்துக்குது பாரு. இது திருப்பதி முயல் கண்காட்சிக்குப் போவும்."

நகரியில் விசைத்தறி ஓட்டுபவள். எதைப் பார்த்தாலும் அவள் கண் முதலில் கரையைத்தான் தேடும். தறிக்கொட்டகைச் சுவரை ஒட்டியே முயல்கூண்டுகள். இந்தச் சத்தத்தில் முயல் பிழைக்குமா என்று கேட்பவர்களிடம், "இதுங்க வயித்துல இருக்கசொல்லவே தறி சத்தம் கேட்டுக்கினு வந்ததுங்க" என்பாள். உண்மைதான். பஸ் ஹாரனுக்குக்கூட அவை காதை அசைப்பதில்லை.

அன்று மதியம் கரண்ட் போனது. வழக்கமாக ஒரு தெருவில் போனால் அடுத்த தெருவில் தறி ஓடும். அன்று ஊர் முழுக்க ஒரே நேரத்தில் ஓய்ந்தது. காது குளிர்ந்தாற்போல பிரமிளா சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தாள். இரண்டு வாய்கூட உள்ளே போயிருக்காது. கூண்டுப் பலகையைத் தடதடவென்று உதைக்கும் சத்தம். பிறகு மெல்லிய கீச்சொலி.

ஓடிப்போய்ப் பார்த்தாள். தாய் முயலுக்கு அது தலை ஈற்று. மூலையில் ஒடுங்கி வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது, வாயெல்லாம் ரத்தம். ஆறு குட்டிகளில் நான்கு கடிபட்டுச் செத்துக் கிடந்தன.

பின்னாலேயே வந்த கணவன் கோபிகிருஷ்ணன் தலையில் கைவைத்துக்கொண்டான். "பெத்ததையே துன்னுக்குதே! இத்த இனிமே வெச்சுக்காத. கறிக்கடைக்குக் குடுத்துடு."

அரவமற்ற ஊரில் அவள் மூச்சு அவளுக்கே கேட்டது. முயல்கள் சத்தத்துக்குப் பழகியதை எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பாள்! சத்தம் நின்றால் என்ன ஆகும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மிஞ்சிய இரண்டு குட்டிகளையும் அள்ளி, சூட்டுக்காக ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பயந்துக்கினு பண்ணிடுச்சுய்யா," என்றாள் கடைசியில். "அதுக்கு அமைதின்னா இன்னான்னே தெரியாது."

கூண்டுக்குள் கையை விட்டாள். கடித்தது. கையை இழுத்துக்கொள்ளாமல் அதை வெளியே எடுத்து மடியில் கிடத்தினாள். முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்து, அதன் மூக்கைச் சுற்றி ஒட்டியிருந்த ரத்தத்தைத் துடைக்கத் தொடங்கினாள்.