சுவருக்குள் இருந்த காலி இடம்

ஜூலை 7, ஞாயிறு. ஐந்தரைக்கு எழுந்தேன். பால் வாங்கி, காபி போட்டு, மனைவிக்கு மாத்திரை கொடுத்தேன். முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து அவள் வீட்டுக்கு வந்து பத்து நாள். என் விடுப்பு அன்றோடு முடிந்தது. மறுநாள் ஏழு மணிக்குக் கம்பெனி பஸ். அதன்பின் குளியலறையில் அவள் தனியாகத்தான் எழுந்து நிற்க வேண்டும். பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு ஸ்டீல் கைப்பிடி வேண்டும்.

தொழிற்சாலையில் மெஷின்களைத் தரையோடு பதிப்பது என் வேலை. அங்கே போடும் அதே இரும்பு அங்கர் போல்ட்டை எடுத்தேன். அளந்து, பென்சிலால் குறித்து, டிரில்லை வைத்தேன். ஒன்றரை அங்குலம் போனதும், கனவில் படி தவறுவதுபோல் அது உள்ளே விழுந்தது. போல்ட்டை முடுக்கினேன். இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது.

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வரிசை முழுக்க, உள்ளே பொந்துள்ள ஹாலோ பிளாக் கல்லால் கட்டிய வீடுகள். எனக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை.

ஓட்டையில் கண்ணை வைத்தேன். உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது. வெளியே தூறல். ஆறு வருடமாக எத்தனை சின்னச் சின்ன இருட்டறைகளுக்கு நடுவில் தூங்கியிருக்கிறோம் என்று நினைத்தபடி நின்றுவிட்டேன்.

"என்னாங்க, சத்தத்தயே காணோம்? பக்கத்து வூட்டுக்கு ஜன்னல் வெக்கிறீங்களா?" என்றாள் கட்டிலிலிருந்து.

ஹார்ட்வேர் கடைக்காரர் தெலுங்குக்காரர். போல்ட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏமி சார், நீங்களே இப்டியா? இது விரிஞ்சி இறுக்கற போல்ட்டு. உள்ள காலியா இருந்தா எதப் புடிக்கும்?"

"நாளைக்கி எங்க வூட்டுல கைப்பிடியப் புடிச்சிதான் எந்திரிக்கணும்."

சிரிப்பை நிறுத்தினார். சல்லடைபோல் துளையுள்ள பிளாஸ்டிக் உறைகள், பசைக் குழாய், மரையிட்ட கம்பிகள் ஆகியவற்றை எடுத்து வைத்தார்.

"உறைய உள்ள வுட்டு பசைய ரொப்புங்க. பிதுங்கி, உள்பக்கம் கட்டியாயிடும். காலைல வரைக்கும் தொடாதீங்க."

"தொட்டா?"

"மறுபடி இங்கதான் வரணும். வாங்க, டீ சொல்றேன்."

வீட்டுக்கு வந்து, பழைய ஓட்டையிலிருந்து ஆறங்குலம் தள்ளி, டிரில்லின் சுத்தியல் அதிர்வை அணைத்துவிட்டு, மெதுவாகத் துளைத்தேன். தூசியைப் பிரஷ்ஷால் எடுத்தேன். உறை, பசை, பிறகு கம்பி. பிற்பகல் முழுக்க மழைச் சத்தத்தில் அரைத் தூக்கம். சுவரின் இருட்டுக்குள் பசை மெல்லக் கல்லாவது கேட்பதுபோல் இருந்தது.

திங்கள் காலை முதல் வேலையாகக் கைப்பிடியை மாட்டி நட்டுகளை முடுக்கினேன். என் முழு எடையையும் தொங்கவிட்டுப் பார்த்தேன். அசையவில்லை. அவளை அழைத்து வந்து ஸ்டூலில் உட்காரவைத்தேன்.

"நீங்க தள்ளிப் போங்க," என்றாள்.

குளியலறை வாசற்படிக்கு வெளியே நின்றேன். அவள் எழுந்தாள்.