தினமும் மூன்று மணி நேரம்

எலிக்குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிப்பது என் வேலை. கல்யாணப் பந்தியில் இதைச் சொன்னால் பக்கத்து இலைக்காரர் பேச்சை நிறுத்திவிடுவார். ஆய்வுக்கூடத்தில் காலம் தள்ளும் உங்களுக்கு அது தெரிந்ததுதான்.

விடுப்பு முடிந்த நாள்

பிறந்த மறுநாளிலிருந்து இரண்டு வாரம், தினமும் மூன்று மணி நேரம் குட்டிகளை எடுத்து, சூடு குறையாத வேறு பெட்டியில் வைப்போம். அந்தப் பிரிவு, அவை வளர்ந்தபின் பயமாகவும் சோர்வாகவும் வெளிப்படுகிறதா என்று பார்ப்போம். பிரசவ விடுப்பு முடிந்து வந்த அன்றே எனக்கு இந்த வேலை. என் ஏழு மாதப் பெண்ணை பெங்களூரு ஜோகுபாளையத்தில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு வந்திருந்தேன். குட்டிகள் இருந்த பெட்டியைப் பிடித்தபடி தாயின் கூண்டருகிலேயே நின்றேன். கூண்டுகளைப் பராமரிக்கும் ஆனேக்கல் ஊர்க்கார மஞ்சுளாக்கா பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"இதுங்களுக்கு மூணு மணி நேரந்தான் கண்ணு. உன் பாப்பாவுக்கு ஒம்போது."

சுவர் உள்ள பக்கம்

வளர்ந்த எலியை உயரமான ஒரு பலகைமேல் விடுவோம். கூட்டல் குறி மாதிரி நான்கு கைகள். இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை. பயந்த எலி சுவர் உள்ள பக்கமே ஒண்டிக்கொள்ளும். பழகிப் பார்ப்பதற்காக விட்ட ஓர் எலி ஐந்து நிமிடமும் மூலையை விட்டு நகரவில்லை. முனைவர் பட்டம் படிக்கும் கவிதா கேமராத் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நான் ஒண்ணாம் கிளாஸ்லேர்ந்து ஹாஸ்டல் மேடம். பார்ட்டிக்குப் போனா இப்படித்தான் நிப்பேன்."

கூடுதல் காகிதம்

முதல் தொகுதி முடிவு வந்தது. பிரிக்கப்பட்ட எலிகளும் பிரிக்கப்படாதவையும் ஒரே மாதிரி திறந்த பக்கம் உலாவின. மூன்று நாள் பதிவுகளைப் புரட்டினேன். நான்காம் நாள் மஞ்சுளாக்கா வந்து நின்றார். குட்டியைப் பிரிகிற தாய்களுக்கு மட்டும், பாவம் என்று, கூடு கட்டக் கூடுதலாகக் காகிதம் போட்டாராம். நல்ல கூடு கிடைத்த தாய் குட்டிகளைக் கூடுதலாக அணைத்து நக்கி, பிரிவின் பாதிப்பை ஆற்றியிருக்கலாம். அதுதான் காரணமா என்று சொல்ல வழியில்லை. நாலு மாத உழைப்பு போச்சு. அவர் வேலையும் போய்விடுமோ என்று எனக்குப் பயம். பேராசிரியரிடம் கூட்டிப்போய், காகித அளவை எழுதிவைக்காதது என் தப்பு என்றேன், அது உண்மையும்கூட. பேராசிரியர் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"அடுத்த பேட்ச்ல காகிதம் கூடப் போட்ட குரூப் ஒண்ணு சேர்த்துடுங்கம்மா. அளவை மஞ்சுளாகிட்ட கேட்டு எழுதிக்கங்க."

இத்தனை வருஷத்தில் எங்கள் கூடத்தில் எழுந்த உருப்படியான ஒரே கேள்வி, சொன்னபடி செய்யாத ஒருவரால் வந்தது.