கைக்குட்டை செருகிய லேப்டாப்

என் தங்கையின் மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். 'இன்ஸ்பெக்டர்' என்றால்தான் திரும்புவாள், அதுவும் யார் கூப்பிட்டது, எதற்கு என்று ஒருமுறை யோசித்துவிட்டு. கடிகாரம் வாங்கப் போனவள் கடையிலிருந்த முப்பது கடிகாரங்களையும் ஒரே மணிக்குத் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் காலை போய், எதெல்லாம் ராத்திரியில் ஏமாற்றியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் ஒன்றை வாங்கினாள். முப்பது என்பது என் கணக்கு. அவள் புருஷன் பன்னிரண்டு என்கிறான். அவனுக்கு எதையுமே குறைத்துச் சொல்லும் பழக்கம்.

இந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுக்கும் வேலை ஒன்று உலகத்தில் உண்டு. அடுத்தவர் எழுதிய மென்பொருளில் ஓட்டை தேடுவது. கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் சில வருடங்கள் அவள் அதைத்தான் செய்தாள். பிறகு இரண்டு பிள்ளைகள், ஒன்பது வருடம் வீடு. நாற்பத்தோராவது வயதில், "நான் மறுபடி வேலைக்குப் போறேன்" என்றாள். என் தங்கை சும்மா இருப்பாளா?

"போயிட்டு வா. அஞ்சாம் நாள் அங்க இருக்கறவங்களே கொண்டுவந்து விட்டுட்டுப் போவாங்க."

அந்த அஞ்சு நாள் என்ற கணக்கு எங்கிருந்தோ வாய்தவறி வந்தது. ஆனால் அப்படியே பலித்துவிடும் போலிருந்தது. சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இரண்டே அறைகளில் நடந்த அந்த நிறுவனத்தின் முதலாளியம்மா, திங்கட்கிழமை அவள் கையில் ஒரு லேப்டாப்பைக் கொடுத்துச் சொன்னது இதுதான்:

"வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னண்டுக்குள்ள நம்ம புரோகிராம் இதுல ஓடணும். ஓடினா வேலை உங்களுக்கு. இல்லைன்னா மன்னிச்சுக்கோங்க."

புரோகிராம் என்னவென்றால், நாற்பது பள்ளி வேன்கள் எந்தத் தெருவுக்கு எந்த வரிசையில் போகவேண்டும் என்று தினமும் சொல்வது. பைத்தான் என்ற கணினி மொழியில், ஆறு வருடமாக ஒரே ஆள் எழுதியது. அவர் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் கண்ணைத் தவிர மிச்சமெல்லாம் தாடி. அது ஓடுவதும் அவருடைய லேப்டாப்பில் மட்டும்தான். வேறு யாராவது ஒருவரிடமும் ஓடவேண்டும் என்று முதலாளியம்மாவுக்கு இப்போதுதான் கவலை பிறந்திருந்தது.

தாடி ஒரு காகிதத்தை நீட்டினார். ஏழு படிகள். முதல் படி, பைத்தானை நிறுவு. இன்ஸ்பெக்டர் பார்த்தாள், புது லேப்டாப்பில் ஏற்கெனவே ஒரு பழைய பைத்தான் குந்தியிருந்தது.

"இதை யாரு வச்சது சார்?"

"அதைத் தொடாதீங்க மேடம்! அது மெஷினோட சொந்தத் தேவைக்கு. எடுத்தீங்கன்னா மெஷினே படுத்துரும். புதுசைப் பக்கத்துல போடுங்க."

அது உண்மை. ஆனால் சொன்ன வேகம் அவளுக்குப் பிடிக்கவில்லை. 'எதற்கு இவ்வளவு பதற்றம்?' என்று நோட்டில் ஒரு வரி எழுதினாள், மணியோடு.

இரண்டாம் படி மட்டும் அவள் மனதுக்கு இதமாக இருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் கணினிக்குள்ளேயே தனிச் சூழல் ஒன்றை அமைக்கவேண்டும். அந்த வேலைக்கு வேண்டிய சாமான் அதற்குள், மற்றதன் சாமான் மற்றதற்குள். ஒன்றின் உப்பு ஜாடியை இன்னொன்று தொடாது. சாயங்காலம் வீட்டில் அதை விளக்கினாள்.

"இங்க கேட்டுக் கெடைக்காம, கம்ப்யூட்டருக்குள்ள போயித் தனிக்குடித்தனம் வச்சிட்டியாக்கும்?" என்றாள் என் தங்கை.

"ஆமா அத்தை. அங்க யாரும் மூடியைத் திறந்து மோந்து பாக்க மாட்டாங்க."

செவ்வாய் முழுவதும் மூன்றாம் படியில் போயிற்று. யார் யாரோ எழுதி இணையத்தில் பொதுவில் வைத்த நாற்பத்து மூன்று பேக்கேஜ்களை, அதாவது தயாராக இருக்கும் புரோகிராம் துண்டுகளை, தனிக்குடித்தனத்துக்குள் கொண்டுவரவேண்டும். வேறொருத்தி என்றால் ஒரே வரியில் இறக்கியிருப்பாள். இவளோ ஒவ்வொன்றாக, எழுதியவர் யார், எந்த வருடம், அதே சாயலில் பெயர் வைத்துத் திருட்டுச் சரக்கு யாரும் விற்கிறார்களா என்று குலம் கோத்திரம் விசாரித்துத்தான் உள்ளே விட்டாள்.

புதன்கிழமை ஓட்டினாள். ஒரு பேக்கேஜ் இல்லை என்றது. காகிதத்தில் அது இல்லவே இல்லை.

"என் மெஷின்ல ஓடுதே மேடம்," என்றார் தாடி.

அதைத் தேடிச் சேர்த்தாள். இன்னொன்று இல்லை என்றது. அதையும் சேர்த்தாள். மூன்றாவது.

"என் மெஷின்ல ஓடுதே."

"உங்க மெஷின் பெரிய இடத்து மெஷின் சார்," என்றாள்.

அப்போதுதான் அதைக் கவனித்தாள். தாடி தன் லேப்டாப்பை மூடுவதே இல்லை. சாப்பிடப் போனால் திறந்தபடி. வீட்டுக்குக் கிளம்பினால், மடித்த நீலக் கைக்குட்டை ஒன்றை இடையில் செருகி, மூடி முழுசாகப் படியாமல், சாய்த்துப் பையில் வைத்தார். இவள் அந்தப் பக்கம் ஒரு தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போனால்கூடத் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். இன்ஸ்பெக்டருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

வியாழக்கிழமை மூன்று பேக்கேஜ்களும் உள்ளே வந்து, புரோகிராம் எழுந்து நின்று, ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் படுத்தது: வரைபடம் எங்கே? தெருக்களின் வரைபடம் இருக்கும் இடத்தை யாராவது அதற்குச் சொல்லவேண்டும். காகிதத்தில் இல்லை. ஆறு வருடத்து வரிகளையும் அலசினாள்; எந்த வரியிலும் இல்லை.

"வரைபடம் எங்க சார் இருக்கு?"

"எங்கயோ இருக்கு மேடம். அதுவா எடுத்துக்கும்."

"என்கிட்ட எடுத்துக்கலையே?"

"என் மெஷின்ல..."

"ஓடுது. தெரியும்."

அன்று சாப்பாட்டு மேஜையில் புருஷனிடம் சொன்னாள். "அந்தத் தாடி எதையோ மறைக்கறாரு."

"தாடிக்குள்ளயா?"

"சிரிக்காதீங்க. நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான் எனக்கு நேரம். அவருக்கு நான் வர்றது பிடிக்கலை. வேணும்னே ஒரு சாவியை ஒளிச்சு வச்சிருக்காரு."

என் தங்கை ஒருமுறை விரல்களை மடக்கி எண்ணினாள். நாலு முடிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் எட்டரைக்கே போய் மாடிப்படியின் மேல்முனையில் நின்றாள். கண்கொத்திப் பாம்புகூட நடுவில் ஒருமுறை இமைத்திருக்கும். அன்று பார்த்துப் பதினொன்றுக்குத்தான் தாடி பேருந்திலிருந்து இறங்கி, பையை இரண்டு கையாலும் ஏந்தி, தூங்கும் குழந்தையைத் தூக்கிவருவதுபோல் படியேறினார்.

"சார், அதுல என்னத்தை ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

மனிதர் படியிலேயே நின்றுவிட்டார். "நீங்க என்னத்தை ஒளிச்சு வச்சிருக்கீங்க? நான் வாயைத் திறந்தா உடனே நோட்டுல எழுதறீங்க. மணி வேற போடறீங்க. என்னை அனுப்பறதுக்குத்தான உங்களைக் கூட்டிட்டு வந்திருக்காங்க?"

அவளுக்கு இது புதிது. உலகத்தைச் சந்தேகிப்பது தன் உரிமை என்றே இருந்தவள், தன்னையும் ஒருவர் சந்தேகிப்பார் என்று நினைத்ததில்லை. நோட்டைத் திறந்து நீட்டினாள். எந்தப் படியில் எது இல்லை, எங்கே கிடைத்தது, எந்த வரிசையில் போட்டால் ஓடுகிறது என்று பக்கம் பக்கமாக இருந்தது. தாடியைப் பற்றிய வரிகள் இருந்த இடங்களைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள். இரண்டு விரல் போதவில்லை.

அவர் படித்துவிட்டு, படியில் உட்கார்ந்தார்.

"நான் எதையும் ஒளிக்கலை மேடம். எனக்கே தெரியாது. ரெண்டு வருஷம் முன்னாடி இது ஒரு தடவை அணைஞ்சு போச்சு. மறுபடி எழுப்ப நாலு நாள் ஆச்சு. நாற்பது வேனும் தப்புத் தெருவுல போய் ஹாரன் அடிச்சுது. கறுப்பு ஜன்னல்ல என்னென்னவோ அடிச்சுப் பாத்தேன், ஏதோ ஒண்ணுல ஓடிருச்சு. எதுலன்னு குறிச்சு வைக்கலை. அந்த ஜன்னலை அப்படியே வச்சிருக்கேன். மூடியைச் சாத்தினா மெஷின் தூங்கி, அந்த ஜன்னலும் போயிருமோன்னு பயம்."

கட்டளைகளைத் தட்டுகிற அந்தக் கறுப்பு ஜன்னல், தன்னிடம் சொன்னதை மூடும்வரை நினைவில் வைத்திருக்கும், மூடினால் துடைத்துவிடும். மனிதர் ஊருக்குப் போகவில்லை, லேப்டாப்பை மாற்றவில்லை, பேருந்தில் தூங்கவில்லை. எல்லாம் ஒரு ஜன்னலுக்காக.

"மேலே வாங்க. அதுல நான் சொல்ற மூணு எழுத்தைத் தட்டுங்க. அதுக்குள்ள இருக்கற எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டும்."

தாடி விரல்களைச் சுருட்டிக்கொண்டார். "காட்டும்... அழிக்காதே?"

"அழிக்காது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வேறு யாராவது என்றால் கோபப்பட்டிருப்பார்கள். இவளுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டதும் மனிதர்மேல் மரியாதை வந்துவிட்டது. முதலில் தன் லேப்டாப்பில் மூன்று முறை தட்டிக் காட்டினாள். பிறகுதான் அவர் தட்டினார், ஒற்றை விரலால், கண்ணை மூடிக்கொண்டு.

அறுபது வரி கொட்டியது. கடைசியிலிருந்து நாலாவது வரியில் வரைபடத்தின் இடம் இருந்தது. அலுவலகத்தில் எல்லாருக்கும் பொதுவான டிஸ்க்கில், யாரும் திறக்காத ஒரு கோப்புறை. அதை ஒரு சின்னக் கோப்பில் எழுதிப் புரோகிராமின் பக்கத்திலேயே வைத்தாள். ஓட்டினாள். தெருக்கள் விரிந்தன. நாற்பது வேன்களும் நாற்பது புள்ளிகளாக வந்து நின்றன.

மணி பதினொன்று ஐம்பது. முதலாளியம்மா உள்ளே வந்தார்.

"ஓடுதா?"

"ஓடுது," என்ற இன்ஸ்பெக்டர், அவர் கண்முன்னாலேயே தனிக்குடித்தனத்தை மொத்தமாக அழித்தாள்.

"ஐயோ! ஓடறதை ஏன் மேடம் அழிக்கறீங்க?" தாடி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"ஒரு தடவை ஓடினது தற்செயலா இருக்கலாம் சார். உங்களுக்கும் அப்படித்தான ஓடிச்சு?"

புது ஜன்னலைத் திறந்தாள். நோட்டைத் தாடியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். அவர் வாசிக்க, எழுதியிருந்ததை மட்டும், ஒரு எழுத்துக்கூட நினைவிலிருந்து சேர்க்காமல் தட்டினாள். நாற்பத்து மூன்றும் மூன்றும் ஒவ்வொன்றாக இறங்கின. முதலாளியம்மா நின்றபடியே மணிக்கட்டைப் பார்த்தார். இணையம் நடுவில் ஒருமுறை முக்கியது. தாடி நடுவில் ஒரு வரியில் தயங்கி, "'இந்த ஆள் முழிக்கற முழியே சரியில்லை'ன்னு எழுதியிருக்கே, இதையும் தட்டணுமா?" என்றார்.

"அதைத் தாண்டிப் போங்க சார்."

நாற்பது புள்ளிகளும் மறுபடி வந்து நின்றன.

"பன்னண்டுன்னு சொன்னேன்," என்றார் முதலாளியம்மா. "இப்ப பன்னண்டு அஞ்சு."

"உங்க வாட்ச் சரியா ஓடுதான்னு என்னிக்காவது பாத்திருக்கீங்களா மேடம்?"

முதலாளியம்மா வாட்ச்சைக் காதருகே கொண்டுபோனார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு உள்ளறைக்குப் போய், பணி நியமனக் கடிதத்தோடு வந்தார். இன்ஸ்பெக்டர் அதை இரண்டு முறை படித்தாள். பின்பக்கம் வெறுமையாக இருப்பதை வெளிச்சத்தில் பிடித்து உறுதி செய்துகொண்டு கையெழுத்துப் போட்டாள்.

"மேடம், மூடிப் பாக்கட்டுமா?" என்றார் தாடி.

"இருங்க. இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துடறேன்."

ஓட்டினாள். தலையசைத்தாள். தாடி நீலக் கைக்குட்டையை உருவினார். இரண்டு வருட மடிப்பு அதில் பலகையாக நின்றது. மூடியை மெல்லப் படியவிட்டு, அது 'டக்' என்றதும் அந்தக் கைக்குட்டையாலேயே நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் என் தங்கை கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"அதை நான் பாத்தாச்சு அத்தை," என்றாள் இன்ஸ்பெக்டர்.

"நீ பாத்ததை நான் பாக்க வேண்டாமா?"