ஆகட்டும் வேறு, ஆச்சு வேறு

பச்சை விளக்கு எரிந்தால் எல்லோருக்கும் நிம்மதி. நான் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில், தகடு அடிக்கும் ஒரு பிரஸ் மெஷினின் நெற்றியில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு பச்சை விளக்கு இருந்தது. அதை நினைத்தால் கூடவே எங்கள் ஒர்க்ஸ் மேனேஜரின் வாய் ஞாபகத்துக்கு வந்துவிடும். பிஸ்கட்டை டீயில் முக்கி, பாதி கரைந்து விழுவதற்குள் நாக்கை நீட்டி வாங்கி, விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பிவிட்டு, அதே விரல்களால் என் கீபோர்டைத் தொடுவார். அவர் போன பிறகு எழுத்துப் பொத்தான்களை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பேன். பிசுபிசுப்பு போகவே போகாது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்து மின்சார ரயிலில் வந்து போவேன். வெளிநாட்டில் யாரோ கழித்துக் கட்டிய ஓர் இரும்புக் கையை எங்கள் முதலாளி வாங்கிப் போட்டிருந்தார். பிரஸ்ஸில் அடித்து முடித்த தகட்டை எடுத்து வெளியே வைப்பது அதன் வேலை. அந்தக் கையையும் கம்ப்யூட்டரையும் பேச வைப்பது என் வேலை. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கேபிள். போ, எடு, திரும்பி வா என்று கம்ப்யூட்டர் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் கை இரண்டு முறை பதில் சொல்லும். சொன்னது காதில் விழுந்ததும் ஒரு பதில், செய்து முடித்ததும் இன்னொரு பதில். 'திரும்பி வா'வுக்கு அந்த இரண்டாவது பதில் வந்த பிறகே பச்சை விளக்கு எரியும்படி எழுதியிருந்தேன். விளக்கு எரிந்தால் இரும்புக் கை பிரஸ்ஸின் வாயைக் குறுக்கே கடந்து தன் இடத்துக்குத் திரும்பி ஒதுங்கிவிட்டது, ஆப்பரேட்டர் உள்ளே கை விட்டு அடுத்த தகட்டை வைக்கலாம் என்று அர்த்தம்.

ஆப்பரேட்டர் மண்ணூர்பேட்டைக்காரர். வாயைத் திறந்தால் கிண்டல்தான். "இன்னா மேடம், ஒரு தபா சொன்னா போதாதா? இன்னாத்துக்கு ரெண்டு தபா சொல்லிகினு கீது?" என்று கேட்டார். முதலில் சொல்வது 'ஆகட்டும்', அப்புறம் சொல்வது 'ஆச்சு' என்றேன். சிரித்தார். "கரெக்டு மேடம். ஊட்ல தண்ணி புட்ச்சி வைய்யான்னா ஆகட்டும்னுதான் சொல்லுவேன். புடிக்க மாட்டேன்." அன்றிலிருந்து அந்த விளக்குக்கு அவர் வைத்த பெயர் ஆச்சு விளக்கு. மற்றவர்களும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள்.

மேனேஜருக்கு இந்த இரண்டு சொல்லுக்கும் வித்தியாசமே கிடையாது. முதலாளி போனில் எதைக் கேட்டாலும் "ஆச்சு சார், ஆச்சு" என்பார். சரக்கு லாரியில் ஏறியே இருக்காது, ஆச்சு. கக்கூஸ் குழாய் மாதக்கணக்கில் ஒழுகும், ஆச்சு. போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு சிரிப்பார். கூச்சமே இல்லாமல் பொய் சொல்லுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த மனுஷர் அதை ருசித்துச் சொல்லுவார்.

பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து ஆட்கள் பார்வையிட வருவதாக இருந்தது. பக்கத்தில் வெல்டிங் நடக்கும்போது கேபிளில் மின் இரைச்சல் புகுந்து, இரண்டாவது பதில் சில சமயம் சிதைந்து போகும். கம்ப்யூட்டர் திரும்பக் கேட்கும். விளக்கு எரியச் சற்றுத் தாமதமாகும். மேனேஜருக்கு அது மானப் பிரச்சினை. "வர்றவங்க மெஷின் நின்னு போச்சுன்னு நெனைப்பாங்கம்மா. மொத பதிலுக்கே லைட்டைப் போட்டு விட்டுடேன்" என்றார். கை திரும்பி வந்ததா என்று தெரியாமல் விளக்கைப் போட முடியாது, ஆளுக்கு அடிபடும் என்று சொன்னேன். பல்லிடுக்கைக் குச்சியால் குத்திக்கொண்டே, "ஆகட்டும்மா" என்றார்.

மறுநாள் காலை என்னைப் பட்டுப்புடவை கட்டி வரச் சொல்லி, பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமுமாகக் கேட்டில் நிற்க வைத்துவிட்டார். வருகிறவர்களை வரவேற்க ஒரு பெண் வேண்டுமாம். நான் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தபோது, இரும்புக் கையை விற்ற கம்பெனியின் சர்வீஸ் ஆள் உள்ளே உட்கார்ந்து என் புரோகிராமில் ஒரு வரியை மாற்றிக்கொண்டிருந்தான். ஆப்பரேட்டரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விருந்தினர்களுக்குப் பின்னால்தான் நான் உள்ளே நுழைந்தேன். இரும்புக் கை தகட்டை வெளியே வைத்துவிட்டு இன்னும் திரும்பக்கூட ஆரம்பிக்கவில்லை. விளக்கு பளிச்சென்று எரிந்தது. "அண்ணே!" என்று கத்தினேன். அவர் கை அதற்குள் உள்ளே போய்விட்டது.

அந்தச் சத்தத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. அதற்குப் பிறகு கேட்டதைத்தான் எழுத வேண்டும். மேனேஜர் இரண்டு கைகளையும் விரித்து விருந்தினர்களை மறைத்து நின்றுகொண்டு, "சின்னக் காயம்தான் சார். ஆச்சு, ஆச்சு. வாங்க, டிபன் ரெடியா இருக்கு" என்றார். அவர்களும் போனார்கள். ஆட்டோவில் ஆப்பரேட்டரை ஏற்றும்போது மாடியிலிருந்து கேசரி வாசனை வந்தது. இன்றுவரை கேசரியை நான் வாயில் வைப்பதில்லை.

ஆட்டோவில் என் தோளில் சாய்ந்திருந்தவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மேடம், அது ஆச்சுன்னு சொல்லுச்சா, ஆகட்டும்னு சொல்லுச்சா?"

"ஆகட்டும்னுதான் சொல்லுச்சு அண்ணே."

மூன்று விரல்கள் போய்விட்டன. சாயங்காலம் மேனேஜர் ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடியோடு வந்தார். ஆப்பரேட்டரின் மனைவியிடம், "பராக்குப் பாத்துட்டாம்மா. சரி போகட்டும், கேட்ல உக்கார்ற வேலை ஒண்ணு போட்டுத் தர்றேன். ஆச்சுன்னு வெச்சுக்கோ" என்றார். அந்த அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் முதலாளியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டச் சொன்னார். திறந்தேன். நான் எழுதிய பழைய வரி எழுதினபடியே இருந்தது. விருந்தினர்கள் கை கழுவுவதற்குள் மேனேஜர் அதைத் திரும்ப மாற்ற வைத்திருக்கிறார். அந்த மனுஷர் சொல்லி உண்மையிலேயே ஆன காரியம் அது ஒன்றுதான். பொத்தான்கள் மட்டும் பிசுபிசுவென்று இருந்தன. பிசுபிசுப்பை யாரிடம் சாட்சிக்குக் கூட்டிப் போவது? அன்றே வேலையை விட்டுவிட்டேன். ஆப்பரேட்டருக்குக் கேட் வேலை வரவே இல்லை. குடும்பத்தோடு வெள்ளானூர்ப் பக்கம் குடிபோய், மனைவி சுட்டுத் தரும் இட்லியை அந்தக் கையில் மிச்சமிருந்த இரண்டு விரல்களால் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எப்போதாவது போய்ப் பார்ப்பேன். அப்போதும் கிண்டல்தான்.

போன மாதம் ஆவடியில் ஒரு கல்யாணம். முன்வரிசையில் சால்வையோடு மேனேஜர் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது, விரல் சப்பும் பழக்கம் அப்படியே இருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் கூப்பிட்டார். சுற்றி இருந்தவர்களிடம், "நம்மகிட்ட வேலை கத்துக்கிட்ட பொண்ணு" என்றார். கேட் வேலை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"எந்தக் கேட்டு? ஓ, அந்த ஆப்பரேட்டரா? அதெல்லாம் அப்பவே ஆச்சேம்மா."

"ஆகல சார்."

நாதஸ்வரச் சத்தத்தில் கேட்கவில்லை போலக் காதில் கையை வைத்தார். குனிந்து, பக்கத்து வரிசைக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். "ஆகல சார். இன்னிவரைக்கும் ஆகல."

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு நன்றாகவே கேட்டுவிட்டது. ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். பிரஸ்ஸின் நெற்றியில் அன்று எரிந்த பச்சை விளக்கு மாதிரியே, உள்ளே என்ன நடந்தாலும் தனக்குச் சம்பந்தமில்லை என்று, அந்தச் சிரிப்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.