செத்த ரஷ்யரும் சாகாத நானும்

அந்த ரஷ்ய நாவலாசிரியரின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. தாடியையும் புத்தகத்தின் தடிமனையும் சொன்னாலே நம் வாசகர்களுக்குப் போதும். எங்களில் அவரைப் படித்தவர்கள் குறைவு. படித்ததாகச் சொல்லாதவர் ஒருவருமில்லை. பிரபு குடும்பத்தில் பிறந்தார், இளமையில் சூதாடினார், போருக்குப் போனார், பிறகு உட்கார்ந்து உலகம் வாய்பிளக்கும் நாவல்களை எழுதினார். முதுமையில் எல்லாரையும் எளிமையாக வாழச் சொன்னார். கடைசியில் வீட்டைவிட்டுக் கிளம்பி ஒரு ரயில் நிலையத்தில் செத்துப்போனார். என் இலக்கிய வாழ்க்கை இதைவிடக் கொஞ்சம் சிறியது. நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில், ஒனிஹங்காவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறேன். ஒரு சிறுகதைத் தொகுப்பு போட்டிருக்கிறேன். அதன் பிரதிகள் கிளென் ஈடனில் என் வீட்டு கராஜில் மிகவும் பத்திரமாக இருக்கின்றன.

எங்கள் இலக்கிய வட்டத்தில் பதினான்கு பேர். அதில் பன்னிரண்டு பேர் கவிஞர்கள் என்பதால், ரஷ்யரைப் பற்றி நினைவுப் பேருரை செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. நான் உடனே சம்மதித்ததற்குக் காரணம் ரஷ்யர் அல்ல, நகரின் தெற்குப் பக்கம் தகனினியில் இருக்கும் என் நண்பன்.

யாழ்ப்பாணத்தில் படிக்கும்போது ரஷ்யருடைய நாவல் ஒன்றின், மாஸ்கோவில் அச்சிட்ட தமிழ் மொழிபெயர்ப்பை நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கினோம். இரண்டு பாகம். முதலாவது எனக்கு, இரண்டாவது அவனுக்கு. முடித்ததும் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. அதற்குள் நாட்டில் சண்டை வந்து, ஆளுக்கொரு பாகத்தோடு அகதியானோம். வருடங்கள் கழித்து ஒக்லாந்தில் சந்தித்தபோது, மற்றப் பாகத்தையும் எங்கோ வாசித்துவிட்டதாக இருவருமே சொல்லிக்கொண்டோம்.

பிறகு என் தொகுப்பின் வெளியீட்டு விழா வந்தது. அவன் விமர்சனம் செய்ய எழுந்தான். "கதை நடக்கிறது கிளென் ஈடனில. ஒரு முழுப் பக்கத்துக்குப் பனி கொட்டுது. ஒக்லாந்தில எப்ப ஐயா பனி கொட்டினது? ரஷ்யனை வாசிச்சுப் பிடிச்ச சளி இவருக்கு இன்னும் மாறேல்லை." சபை சிரித்தது. முன்வரிசையில் என் மனைவியும் சிரித்தாள். மனைவியை மன்னித்துவிட்டேன், சாப்பாடு அவள் கையில். அவனோடு எட்டு வருடம் கதைக்கவில்லை.

இப்போது பேருரைக்கு வருவோம். ரஷ்யரும் ஒருமுறை சக எழுத்தாளர் ஒருவரோடு துப்பாக்கி தூக்கும் அளவுக்குச் சண்டை பிடித்தார். பல வருடம் பேச்சில்லை. பிறகு அவரே மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். இதை நான் மேடையில் உருக்கமாகச் சொல்வேன், அது தகனினிக்கு எட்டும், நண்பன் வெட்கப்பட்டு ஓடிவந்து மன்னிப்புக் கேட்பான். இதுதான் என் திட்டம். மன்னிப்புக் கேட்கவேண்டியவன் அவன்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

நோட்டீஸ் செய்தவர் வட்டத்தின் செயலாளர். எங்கள் ஆட்கள் யார் இறந்தாலும் மரண அறிவித்தல் செய்துகொடுப்பவரும் அவர்தான். அவரிடம் இருப்பது ஒரே டிசைன்: மூலையில் தாமரை, பக்கத்தில் குத்துவிளக்கு, நடுவில் வட்டத்துக்குள் படம். 'ரஷ்யாவைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட மாபெரும் நாவலாசிரியர் நினைவாக' என்று கீழே எழுதி, வட்டத்துக்குள் என் பாஸ்போர்ட் படத்தைப் போட்டார். பேச்சாளரின் படம் இல்லாத நோட்டீஸை எங்கள் சங்கங்களில் ஒருவரும் மதிப்பதில்லை. சனிக்கிழமை காலை அது வாட்ஸப்பில் போனது. எழுத்தை யார் வாசிக்கிறார்கள்? படத்தைப் பார்த்தார்கள், கும்பிட்ட கைகளைப் போட்டார்கள், அடுத்த குழுவுக்கு அனுப்பினார்கள்.

காலை முழுக்க மனைவி தொலைபேசியில் நின்றாள். "ஓம், இருக்கிறார். இப்பவும் தேத்தண்ணி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்." மகள் நோட்டீஸைப் பார்த்து, "அப்பா, யூ லுக் ரியலி நைஸ் இன் திஸ்," என்றாள். செத்த வீட்டில் அடுப்பு எரியாது என்று பக்கத்துத் தெரு அக்கா இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தா. என்னைக் கண்டதும் சட்டியைத் திருப்பிக் கொண்டுபோகத்தான் பார்த்தா. நான் விடவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. சொதி வழியும் கையோடு போய்த் திறந்தேன். வெள்ளைச் சட்டையில், கண் வீங்கி, கக்கத்தில் இரண்டாம் பாகத்தோடு அவன் நின்றான்.

"நீ சாகேல்லையோடா?"

"இல்லை மச்சான். மன்னிச்சுக்கொள்."

எட்டு வருடத்தில் நான் அவனிடம் கேட்ட முதல் மன்னிப்பு, சாகாமல் இருந்ததற்காக.

"தகனினியில இருந்து மோட்டர்வே முழுக்க அழுதுகொண்டு வந்தனான், நாசமாப் போவானே," என்று திட்டிக்கொண்டே உள்ளே வந்தான். சட்டைப்பையில் ஒரு தாள் தெரிந்தது. கேட்டேன். இரங்கலுரை என்றான். பிடுங்கி வாசித்தேன். என்னைப் புகழ்ந்திருந்த இடங்களை வேகமாகக் கடந்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கடைசியில் இப்படி எழுதியிருந்தான்: 'அவன் கதையில் பெய்த பனி எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது என்று அந்தச் சபையில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்துகொண்டே ஆட்களைச் சிரிக்கவைத்தேன். அது நல்ல கதை.'

எனக்கு வெட்கமாக இருந்தது. ரஷ்யரின் கடிதத்தைப் பற்றிப் பத்து நிமிடப் பேச்சுத் தயாரித்த நான், தகனினிக்கு ஒரு வரி அனுப்பவில்லை.

அவன் இரண்டாம் பாகத்தை மேசையில் வைத்தான். "உன்ர சவப்பெட்டிக்குள்ள வைக்கலாமெண்டு கொண்டுவந்தனான்."

நான் போய் முதலாம் பாகத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். அவன் அதைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"இதை நீ வாசிக்கேல்லை, என்ன?" என்று கேட்டேன்.

"இல்லை. நீ இதை?" என்று இரண்டாம் பாகத்தைக் காட்டினான்.

"நாளைக்கு எனக்குப் பேருரை," என்றேன்.

அன்று பின்னேரம் முழுக்க நான் அவனுக்கு நாவலின் தொடக்கத்தைச் சொன்னேன், அவன் எனக்கு முடிவைச் சொன்னான். மனைவி மூன்று தரம் தேத்தண்ணி போட்டாள். கிளம்பும்போது கையை நீட்டினான்.

"அந்தத் தாளைத் தா. பிறகு தேவைப்படும்."

"தரமாட்டன். செத்தாப் பிறகு என்னால வாசிக்கேலாதடா," என்றேன்.