பொகவந்தலாவையில் கொதித்த மாசிபத்திரி

காலை ஏழு மணிக்கு நாவலப்பிட்டியில் ரயில் ஏறினேன். ஊர் பார்க்கப் போகவில்லை. நான் செய்துவைத்த வேலையைத் திருத்தப் போனேன்.

நாலு நாளைக்கு முன் என் சித்தி மகன் செல்வராஜ் வாட்சப்பில் கேட்டிருந்தான்: "அக்கா, மலேரியாவுக்கு நம்ம பக்கம் ஏதும் மூலிகை இருக்கா?" விஞ்ஞானம் படிப்பிக்கிறவளுக்கு இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் போதாதா? இன்றைக்குக் கொடுக்கிற மலேரியா மாத்திரையே மாசிபத்திரி இனத்துச் செடியிலிருந்து வந்ததுதான் என்று ஆறு நிமிடம் பேசிக் குரல்பதிவு அனுப்பினேன். யாருக்கு, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வாய் இருக்கிற அளவுக்குக் காது இல்லை.

நேற்றுச் சாயங்காலம் அவன் மனைவி தனலெட்சுமி அழைத்தாள். அவனுக்குக் குளிர்நடுக்கம் விட்டுவிட்டு வருகிறதாம். "நீங்க சொன்ன தழயத்தான் அண்ணி மூணு நாளா காச்சிக் குடுக்குறேன். காச்சல் விடல."

றொசல்லையில் எதிர் ரயிலுக்காக நின்றோம். தண்டவாளத்து ஓரத்திலேயே மாசிபத்திரி மண்டியிருந்தது. இலை மேலே கரும்பச்சை, அடியில் வெள்ளை. கசக்கினால் கசப்பு வாசம் கையை விட்டுப் போகாது. வயிற்றுப் புழுவுக்கும் பசியின்மைக்கும் இதைக் கொடுத்த பழக்கம் பழையது. உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆய்வுகள் இல்லை. கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. மலேரியாவுக்கான சத்து கிடைத்தது சீனத்தில் வளரும் இதன் பங்காளிச் செடியில். என் ஆறு நிமிடத்தில் இந்த வித்தியாசத்துக்கு நான் ஒதுக்கியது ஒரே ஒரு வாக்கியம்.

ஒன்பதரைக்கு ஹட்டன். நோர்வூட் வழியாகப் பஸ், ஒவ்வொரு வளைவிலும் பக்கத்து ஆள் மேல் சாய்ந்தபடி. பொகவந்தலாவை பஜாரில் இறங்கும்போது பதினொன்று ஆகிவிட்டது. செல்வராஜ் இருக்கும் தேயிலைத் தோட்டம் அங்கிருந்து ஆறு கிலோமீற்றர். முச்சக்கர வண்டிக்கு எழுநூறு ரூபா. காய்ச்சல்காரரைப் பார்க்கப் போகிறேன் என்றதும் ஓட்டிவந்த முஸ்லிம் அண்ணன், எங்கள் பேச்சில் நானா, "அப்பன்னா நான் நிக்கிறேம்மா. திரும்பி வர வண்டி கெடைக்காது" என்றார்.

லயத்து வரிசை வீட்டில் அவர்களுடைய ஒற்றைக் காம்பராவுக்குள் கசப்பு வாசம் அடித்தது. செல்வராஜ் இரண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடந்தான். கண்ணில் மஞ்சள் ஏறியிருந்தது. அடுப்பில் தேத்தண்ணிக் கேத்தலில் தழை தளதளத்துக்கொண்டிருந்தது.

"கொழுந்தா பாத்துத்தான் கிள்ளினேன் அண்ணி. முத்தின எலை ஒண்ணுகூட எடுக்கல. சாயம் நல்லா எறங்குற வரைக்கும் கொதிக்க வச்சேன்" என்றாள் தனலெட்சுமி.

பதினைந்து வருடம் தேயிலை பறித்த கை. அதற்குத் தெரிந்த முறைப்படி அது செய்தது. செடியே வேறு; சரியான செடியாக இருந்தாலும் கொதிக்கவைத்தால் அந்தச் சத்து கெட்டுவிடும். பழைய சீனக் குறிப்பு பச்சைத்தண்ணீரில் ஊறவைத்துப் பிழியத்தான் சொல்கிறது. ஆய்வாளர்களுக்கும் சூட்டைக் குறைத்த பிறகுதான் பலன் கிடைத்தது. அதுவும் கசாயமாக அல்ல, அளந்து செய்த மாத்திரையாகத்தான் நோயைத் தீர்க்கிறது. இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

"எங்கடா போயிருந்த?" என்று அவனைக் கேட்டேன்.

கொழும்பில் வேலை என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். தோட்டத்து டிஸ்பென்சரியிலும் அதையே சொல்லிப் பனடோல் மாத்திரை வாங்கி வந்திருக்கிறான். உண்மையில் ஆறு மாதம் ஆப்பிரிக்காவில் ஒரு மாணிக்கக்கல் சுரங்கத்தில் இருந்தான், சுற்றுலா விசாவில்.

"சொன்னா உள்ள போட்டுருவாங்கன்னு ஏஜெண்டு சொன்னான் அக்கா. அதான் மருந்து மட்டும் ஒங்ககிட்ட கேட்டேன்."

நம் நாட்டில் மலேரியா ஒழிந்து வருடங்கள் ஆகின்றன. போன இடத்தைச் சொல்லாவிட்டால் டொக்டர்மாருக்கு முதலில் டெங்குதான் நினைவுக்கு வரும். "நான் சொன்னது தப்புடா. அந்தத் தழை ஒன்னைக் காப்பாத்தாது. நீ உண்மையச் சொன்னாத்தான் பொழைப்ப. எந்திரி" என்றேன். நானாவும் நானும் அவனைத் தாங்கி வண்டியில் ஏற்றினோம்; தனலெட்சுமியும் ஏறிக்கொண்டாள்.

ஒரு மணிக்குப் பொகவந்தலாவை ஆஸ்பத்திரி. வெளிநாடு போனதுண்டா என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார். செல்வராஜ் என்னைப் பார்த்தான், தனலெட்சுமியைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்து, சிங்களத்திலேயே "கியா" என்றான். போனேன். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. விரலில் இரத்தம் குத்தி எடுத்தார்கள். அரை மணித்தியாலத்தில் மலேரியா என்று தெரிந்தது. விசாவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இன்னும் இரண்டு நாள் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் டொக்டர்.

மூன்று நாள் கசாயம் கொடுத்த கதையைக் கேட்டதும், "கசாயம் குடிக்கச் சொன்னது யார்?" என்றார்.

"பக்கத்துக் காம்பராவுல ஒரு அம்மா" என்று தனலெட்சுமி முந்திக்கொண்டாள்.

அவள் என்னைக் காப்பாற்றப் பார்த்தாள். கட்டிலில் கிடந்தவன் அப்போதுதான் பயத்தை விழுங்கி உண்மையைச் சொல்லியிருந்தான். "இல்லை டொக்டர், நான்தான். நான் டீச்சர்" என்றேன். சொல்லும்போது காது சுட்டது.

முதல் வேளை மாத்திரையை அவன் என் கண்முன்னே விழுங்கினான். சீனத்துச் செடியின் சத்துத்தான் அது.

நாலரைக்குத் திரும்பும் பஸ். சாரலில் தேயிலைக்கு நடுவே அந்த வெள்ளையடி இலைகள் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் எனக்குக் கோபமில்லை. நோர்வூட் தாண்டும்போது வாட்சப் வந்தது. ராகலையிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண். என் ஆறு நிமிடப் பேச்சு யார் யார் கையோ மாறி அவளிடம் போயிருக்கிறது.

"டீச்சர், நீங்க சொன்ன தழய எப்பிடிக் காச்சணும்?"

இம்முறை குரல்பதிவு அனுப்பவில்லை. பஸ் குலுங்கலில் இரண்டு தரம் அழித்து எழுதினேன்: "காச்ச வேண்டாம். யாருக்கும்மா காய்ச்சல்? எங்க போயிட்டு வந்தாரு?"