வலப்பக்கக் குடுவை

அடுத்த வீட்டில் புதுத் திரைச்சீலை தொங்கினாலே வஹீதாவுக்கு வயிறு எரியும். தங்கைக்கு நல்ல மாப்பிள்ளை அமைந்தபோது எரிந்தது. எதிர்வீட்டுக்காரி இடித்த ஹரிஸா மிளகாய் விழுது தன்னுடையதைவிடச் சிவப்பாக இருந்தபோதும் எரிந்தது. அதை மறைக்கவாவது தெரியுமா என்றால் அதுவும் கிடையாது, முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். ஆனால் மொனஸ்தீர் ஆய்வுக்கூடத்தில் புல்லைப் பொடியாக்கும் வேலையில் அவளை அடிக்க ஆளில்லை.

கஸ்ஸரீன் மலையிலிருந்து வரும் அல்ஃபா புல்லை நறுக்கி, காரத்தில் வேகவைத்து, வெளுத்து, அமிலத்தில் கொதிக்கவைப்பாள். இளகிய பகுதியெல்லாம் கரைந்துபோக, மிஞ்சுவது நுண்படிகச் செல்லுலோஸ். மாத்திரைக்கு உடம்பு கொடுக்கிற வெள்ளைப் பொடி அதுதான். பிறகு நீல லிட்மஸ் தாள் சிவப்பதை நிறுத்தும்வரை கழுவ வேண்டும். துளி அமிலம் தங்கினாலும் உலர்த்தும் அடுப்பில் பொடி கருகிவிடும். வஹீதாவின் பொடி ஒருநாளும் கருகியதில்லை.

அப்படியிருக்கையில் தோஸரிலிருந்து பேரீச்ச நாரோடு வந்து இறங்கினாள் இப்திஹால். சின்னப் பெண். அவள் பொடி வஹீதாவின் பொடியைவிட வெளுப்பாக வந்தது.

"ஏண்டி, பேரீச்ச மட்டைய உங்க ஊர்ல அடுப்பெரிக்கத்தானே வச்சிருக்கீங்க?"

"ஆமாக்கா. உங்க ஊர்ல அல்ஃபாவக் கழுதைக்குப் போடுற மாதிரிதான்."

கூடமே சிரித்தது. வஹீதாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இயக்குநர் லம்ஜத் இருவரையும் கூப்பிட்டார். "எக்ஸ்-கதிர் சோதனைக்குத் தலைநகர் துனிஸுக்கு ஒரு பொடிதான் அனுப்ப முடியும். ஆளுக்கு ஒண்ணு புதுசா செய்ங்க. நல்லா வர்றது போகட்டும். அடுத்த வருஷ ஆராய்ச்சி அவங்க பேர்ல, மத்தவங்க உதவிக்கு."

இப்திஹாலுக்குக் குடுவை கழுவிக் கொடுப்பதா? நினைக்கும்போதே நெஞ்சு காந்தியது.

வடிகட்டும் மேடையில் இடப்பக்கம் வஹீதாவின் குடுவை, வலப்பக்கம் இப்திஹாலுடையது. அதுதான் வழக்கம். கழுவும் தண்ணீரை உறிஞ்ச ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாய். கழுவலைப் பாதியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போன வஹீதா, ரொட்டியைப் பிய்த்துப் போட்டுவிட்டுச் சீக்கிரமே திரும்பிவிட்டாள். இப்திஹால் தொழப் போயிருந்தாள். வஹீதா இடப்பக்கக் குடுவையில் தாளை நனைத்தாள். நீலம் மாறவில்லை. அதற்குள் சுத்தமாகிவிட்டதா! தன் கைராசியைத் தானே மெச்சிக்கொண்டாள். சும்மா இருக்க முடியாமல் வலப்பக்கத்திலும் நனைத்தாள். தாள் பளிச்சென்று சிவந்தது.

இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்துவிடும். அவள் ஊற்றவில்லை. தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டாள். மனசுக்குள் அப்படியொரு குளுமை.

இப்திஹால் வந்ததும் கேட்டாள். "என்னோடது தாள் பாத்துட்டேன்க்கா, சுத்தமா இருக்கு. உங்களோடது?"

பச்சைப் பொய், சோம்பேறிக் கழுதை என்று நினைத்துக்கொண்டாள் வஹீதா. "என்னோடது எப்பவும் சுத்தமாத்தான் இருக்கும். ரெண்டையும் அடுப்புல வை. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மறுநாள் காலை லம்ஜத்தே வந்து அடுப்பைத் திறந்தார். ஒரு தட்டில் பாலாய் வெள்ளை. இன்னொன்றில் காப்பிப்பொடி நிறம். பழுப்புத் தட்டில் இப்திஹாலின் கையெழுத்தில் வஹீதாவின் பெயர் ஒட்டியிருந்தது.

"பேர மாத்தி ஒட்டிட்டா! வலப்பக்கத்துக் குடுவை இவளோடதுதானே?" என்றாள் வஹீதா.

"இல்லக்கா. இடப்பக்கக் குழாய் சரியா உறிஞ்சல. என்னோடது கழுவி முடிஞ்சிருச்சு, அதான் உங்க குடுவைய நல்ல குழாய் இருக்கிற வலப்பக்கம் வச்சிட்டு, என்னோடத இடப்பக்கம் மாத்திட்டேன். நேத்தே சொல்லியிருக்கணும், மறந்துட்டேன்."

லம்ஜத் பழுப்புப் பொடியை விரலால் தேய்த்துப் பார்த்தார். "அமிலம் போகவே இல்லையே. தாள் பாக்கலையா வஹீதா?"

பார்த்தேன் என்றால், பார்த்துவிட்டு ஏன் சும்மா இருந்தாய் என்பார். பார்க்கவில்லை என்றால், இத்தனை வருஷம் கட்டிக்காத்த பெயர் போச்சு.

"பாக்கல," என்றாள்.

"யாருக்கும் நடக்கிறதுதான், லம்ஜத் ஐயா," என்றாள் இப்திஹால். "அக்கா இன்னொரு தடவை செய்யட்டும். அதுவரைக்கும் என்னோடதையும் அனுப்ப வேண்டாம்."

அந்த முகத்தில் கேலி இருக்கிறதா என்று வஹீதா தேடித் தேடிப் பார்த்தாள். இல்லை.

இந்த நல்ல மனசும் இவளுக்கா வாய்க்க வேண்டும்? வஹீதாவின் வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.